நாலு துண்டு எர்த் வயர்

குருசுத்துறையில், கார்த்திகை மாதத்துப் புயலில் அகப்பட்டு இரண்டு நாள் கழித்து முழுசாகத் திரும்பி வந்த 'சலேத் மாதா' என்கிற பைபர் படகின் மோட்டார், தை மாதக் கடைசி வரைக்கும் தன் பாட்டரிக்கு ஒரு சொட்டுக் கரண்டுகூடக் கொடுக்காமல், கொடுக்க வேண்டியதை எல்லாம் கரையிலிருந்த நாலு வீடுகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. எப்படிக் கொடுத்தது என்று கேட்டால் அந்த ஊரில் யாருக்கும் சொல்லத் தெரியாது. எத்தனை மணிக்குக் கொடுத்தது என்று கேட்டால் பால்வாடிப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

அந்த ஊரில் மோட்டார் ரிப்பேர் பார்ப்பவள் ரெக்ஸ்லின். சுனாமிக்குப் பிறகு தூத்துக்குடியில் நடந்த பத்து நாள் பயிற்சிக்குப் போனவர்களில் பாதிப் பேர் மூன்றாம் நாளே ஓடி வந்துவிட, மீதிப் பேர் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டுச் சும்மா இருந்துவிட, ஸ்பானரைக் கையில் எடுத்த ஒரே ஆள் அவள். அவள் புருசன் ததேயூஸ் சலேத் மாதாவில்தான் தொழிலுக்குப் போகிறான். படகு கஸ்பாருக்குச் சொந்தம். கூடப் போகிற மற்ற இருவர் லியோனும் பர்னபாஸும். லியோன் கல்யாணமாகி ஆறு மாதம் ஆனவன். பர்னபாஸ் கல்யாணம் ஆகாதவன், அம்மா வியாகுலத்தோடு இருக்கிறான். வியாகுலத்தின் புருசன் பதினாலு வருசத்துக்கு முன்னால் ஒரு விடியக்காலையில் கடலுக்குப் போனவர், இன்னும் வரவில்லை.

கெட்ட கடலிலிருந்து படகு தப்பி வந்தால் அந்தப் படகிலிருந்து ஒரு துண்டு, போய் வந்த ஒவ்வொருவர் வீட்டுக்கும் போக வேண்டும் என்பது குருசுத்துறை வழக்கம். வடக்கயிற்றின் நுனியோ, வலையின் மிதப்போ, உரிந்த பெயிண்டோ, எதுவானாலும் சரி, வீட்டுப் பீடத்தில் மாதா சுரூபத்துக்குப் பக்கத்து ஆணியில் தொங்க வேண்டும். அந்த முறை கயிறு, வலை, மிதப்பு எல்லாவற்றையும் கடல் எடுத்துக்கொண்டு நாலு ஆளையும் மோட்டாரையும் மட்டும் திருப்பிக் கொடுத்திருந்தது. மோட்டாரைக் கழுவித் துடைத்த ரெக்ஸ்லின், மோட்டாரிலிருந்து பாட்டரிக்குப் போகும் எர்த் வயர் உப்பில் வெடித்துக் கிடந்ததைப் பார்த்து, அதைக் கழற்றிவிட்டுப் புதிது போட்டாள். கழற்றிய பழைய வயரைக் கட்டிங் பிளேயரால் சாணுக்கு ஒன்றாக நாலாக வெட்டி, மூன்றை மூன்று வீட்டுக்கும் கொடுத்துவிட்டு, நாலாவதைத் தன் வீட்டு ஆணியில் மாட்டி, முழந்தாளிட்டு, என் மனுசனைத் திருப்பித் தந்தாயே தாயே என்று சொல்லி நன்றாக அழுதாள்.

மறுபடி கடலுக்குப் போன முதல் நாள் காலையில், ரெக்ஸ்லின் தோசை வார்த்துக்கொண்டிருக்கும்போது, பீடத்திலிருந்த ஜீரோ வாட் பல்பு எரிந்துகொண்டிருந்ததைப் பார்த்தாள். சுவிட்சு மேலே இருந்தது. அன்றைக்கு ஊரில் கரண்டே இல்லை. சரி, எரிகிறது என்று அவள் அடுத்த தோசையை வார்த்தாள். நாலாவது தோசைக்கு அணைந்தது. பத்து மணிக்கு மறுபடி எரிந்து, பதினொன்றரைக்குப் படகு கரை தட்டியதும் அணைந்தது. இறங்கி வந்த ததேயூஸ், பாட்டரி செத்துப்போச்சு, ஜிபிஎஸ் பாதி வழியில் கண்ணை மூடிவிட்டது, என்னவென்று பார் என்றான்.

அவள் பார்த்தாள். அன்று தொடங்கி இரண்டு மாதம் பார்த்தாள்.

அந்த மோட்டாரைக் கயிறு இழுத்துத்தான் எழுப்ப வேண்டும், அதற்குப் பாட்டரி தேவையில்லை. ஜிபிஎஸ்ஸுக்கும், வயர்லெஸ்ஸுக்கும், கம்பத்து விளக்குக்கும், நாலு பேருடைய செல்போனுக்கும்தான் பாட்டரி. மோட்டார் சுற்றும்போது பிளைவீலுக்கு அடியில் காந்தம் சுற்றும், காந்தத்துக்கு நடுவே இருக்கிற காயிலில் கரண்டு பிறக்கும், அதை ரெக்டிபையர் நேராக்கி அனுப்பும், பியூஸ் வழியாக அது பாட்டரிக்கு வந்து சேரும். இவ்வளவுதான் வழி. இந்த வழியில் எங்கே அறுந்திருக்கிறது என்பதுதான் கேள்வி.

முதலில் அவளுக்கு ஃபாதர் மேல்தான் சந்தேகம். நன்றித் திருப்பலி முடிந்து படகை மந்திரிக்க வந்தவர், உப்புப் போட்டு மந்திரித்த தீர்த்தத்தைப் பாட்டரி டெர்மினல் மேலேயே தாராளமாகத் தெளித்துவிட்டுப் போயிருந்தார். டெர்மினலில் பச்சையாய்ப் பூத்திருந்ததை ஆப்பசோடா கரைத்த வெந்நீரால் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வாஸ்லின் தடவினாள். பாட்டரி செத்தே வந்தது. பியூஸைக் கழற்றிப் பார்த்தாள், நல்லபடியாக இருந்தது, இருந்தாலும் மாற்றினாள். பாட்டரியைத் திசையன்விளைக்குக் கொண்டுபோய் லோடு வைத்துப் பார்த்தாள், கடைக்காரர் இந்தப் பாட்டரி இன்னும் மூணு வருசம் ஓடும் என்றார். பிளைவீலைக் கழற்றிக் காந்தத்தில் ஸ்க்ரூடிரைவரை ஒட்டிப் பார்த்தாள், பிடுங்க இரண்டு கை வேண்டியிருந்தது. காயிலில் மல்டிமீட்டரை வைத்தாள், கரண்டு பிறந்தது. ரெக்டிபையரைத் தாண்டி வைத்தாள், பதினாலு வோல்ட் காட்டியது. அதே வயரின் மறு நுனியில், பாட்டரி பக்கத்தில், ஒன்றரை மீட்டர் தள்ளி வைத்தாள், ஒன்றுமே காட்டவில்லை. வயரை மாற்றினாள், மீட்டரை மாற்றினாள், மீட்டருக்குள் இருக்கிற செல்லையும் மாற்றினாள். கரண்டு இங்கிருந்து புறப்பட்டது, அங்கே போய்ச் சேரவில்லை, நடுவில் ஒரு பழுதும் இல்லை. பாட்டரியை வீட்டில் சார்ஜரில் போட்டு முழுசாக ஏற்றிக் கொடுத்தாலும் கடலுக்குள் இரண்டு மணி நேரத்தில் காலியானது. வயரையே கழற்றிப் பலகைக்கு அடியில் பாட்டரியைத் தனியாக வைத்து அனுப்பினால், அதுவும் காலியாகத்தான் வந்தது.

ஊர் இதற்குள் பல்புக்குப் பழகிவிட்டது. நாலு வீட்டுப் பீடத்திலும் மோட்டார் ஓடும்போது பல்பு எரிகிறது, நின்றால் அணைகிறது என்பது மூன்றாம் நாளே எல்லோருக்கும் தெரிந்து, ஒரு வாரத்தில் ஊரின் கடிகாரமே அதுவாகிவிட்டது. விடியக்காலை எரிந்த பல்பு ஐந்தரைக்கு அணைந்தால் வலை போடுகிறார்கள் என்று அர்த்தம். திரும்ப எரிந்தால் கரைக்குக் கிளம்பிவிட்டார்கள் என்று உலை வைப்பார்கள். ஏலக்காரர் காலையில் கஸ்பார் வீட்டு வாசலில் நின்று, மைனி, எரிஞ்சிட்டா என்று கேட்டுவிட்டுத்தான் ஐஸ் வண்டிக்குப் போன் போடுவார். லியோன் பெண்டாட்டி பியூலா ஒருநாள் சோதித்துப் பார்க்கலாம் என்று பல்பைக் கழற்றி அரிசிப் படிக்குள் வைத்தாள், அது படிக்குள் கிடந்தே எரிந்தது, அரிசியில் இருந்த வண்டெல்லாம் வெளியே வந்துவிட்டது. அதன் பிறகு அக்கம்பக்கத்தில் நாலைந்து பேர் அரிசியைக் கொண்டுவந்து கொடுத்து வாங்கிப் போனார்கள்.

லைன்மேன் வந்து பார்த்தார். மீட்டர் ஓடவில்லை, வயரும் கொக்கி போட்டு இழுத்ததில்லை. கொஞ்ச நேரம் யோசித்து, இது எங்க கரண்டு இல்ல என்று சொல்லி, கஸ்பார் பெண்டாட்டி கிளமென்சியா கொடுத்த கருப்பட்டிக் காப்பியைக் குடித்துவிட்டு, போகும்போது எதற்கும் இருக்கட்டும் என்று சிலுவை போட்டுக்கொண்டு போனார். ஃபாதர், இதை அற்புதம் என்று சொல்ல ஆயர் இல்லத்துக்கு எழுதிப் போட்டு விசாரணை எல்லாம் நடக்க வேண்டும், அதுவரை யாரும் வயருக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றக் கூடாது என்று பூசையில் கண்டிப்பாகச் சொன்னார். காற்று அடிக்கிற நாட்களில் மட்டும் மணியடிக்கும் கோயில்பிள்ளையை அனுப்பி, எரிகிறதா என்று கேட்டுவரச் சொல்வார். மற்ற படகுக்காரர்களின் பெண்டாட்டிமார் ரெக்ஸ்லினிடம் வந்து எங்கள் மோட்டாருக்கும் இப்படிப் பண்ணிக் கொடு என்று நச்சரித்தார்கள். நான் பண்ணினது இல்லம்மா இது, பண்ணினதைச் சரி பண்ணத்தான் பார்க்கிறேன் என்று அவள் அலுத்துக்கொண்டாள்.

அந்த நாலு வீட்டுப் பெண்களும் கரைக்கு வருவதை விட்டுவிட்டார்கள். அதுவரைக்கும் ஒன்பது மணி ஆனாலே கை வேலையைப் போட்டுவிட்டுக் கரைக்குப் போய், கையை நெற்றியில் வைத்துக்கொண்டு, வருகிற ஒவ்வொரு புள்ளியையும் எண்ணிக்கொண்டு நிற்பார்கள். இப்போது வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டார்கள். கிளமென்சியாவுக்கு வயிற்று எரிச்சல் நின்றுவிட்டது. வியாகுலம் பதினாலு வருசத்தில் முதல் முறையாக மகன் கடலில் இருக்கும்போதே படுத்துத் தூங்கினாள், தூங்கி எழுந்து பல்பைப் பார்த்துவிட்டு மறுபடி தூங்கினாள். அந்த இரண்டு மாதத்தில் அவள் உடம்பு தேறியதை ஊரே பார்த்துச் சந்தோசப்பட்டது.

கடலுக்குள் நாலு பேரும் கண் தெரியாமல் போய்வந்துகொண்டிருந்தார்கள். போகும்போது இன்னொரு படகின் வாலைப் பிடித்துப் போய், வரும்போது வெயிலையும் கரைக் கோபுரத்தையும் பார்த்து வந்தார்கள். கம்பத்து விளக்கு இல்லாததால் ஒரு நாள் கப்பல் ஒன்று பக்கத்தில் உரசுகிற மாதிரி போனதை ததேயூஸ் வீட்டில் சொல்லவில்லை, பர்னபாஸ் வாய் தவறிச் சொல்லி ரெக்ஸ்லினுக்குத் தெரிந்தது. அன்றைக்கு அவள் மோட்டாரை மறுபடியும் முழுக்கப் பிரித்து, காயிலிலிருந்து பியூஸ் வரை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, மறுபடியும் முழுக்கப் பூட்டினாள்.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். பழுது எங்கே இருக்கிறது என்று ரெக்ஸ்லினுக்கு முதல் வாரமே தெரியும். பழைய எர்த் வயரைத்தான் நாலு வீட்டிலும் மாட்டியிருக்கிறார்கள், கரண்டு தன் பழைய வழியைத் தேடி அங்கே போகிறது, ஒரு மெக்கானிக்குக்கு இது தெரியாதா. ஆனால் காலையில் எழுந்ததும் அந்தப் பல்பு எரிவதைப் பார்க்கிற சுகம் அவளுக்கும் வேண்டியிருந்தது. அவன் இருக்கிறான், இப்போது, இந்த நிமிசம், மோட்டார் பிடியில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறான் என்று தெரிகிற சுகம். அதனால் மோட்டாரில் உள்ள எல்லா நட்டையும் கழற்றிப் பார்த்தவள், தன் வீட்டுச் சுவரில் இருந்த ஓர் ஆணியை மட்டும் பார்க்காமல் இருந்தாள். சரியாயிருமா என்று ததேயூஸ் கேட்கும்போதெல்லாம், பாத்துக்கிட்டுத்தான இருக்கேன் என்று எரிந்து விழுந்தாள்.

தை மாதக் கடைசியில் ஒரு புதன்கிழமை பனி இறங்கியது. கடல்மேல் பனி இறங்குவது வழக்கம்தான், எட்டு மணி வெயிலுக்குக் கலைந்துவிடும். அன்றைக்குக் கலையவில்லை. பத்து மணிக்குக் கோயில் கோபுரம் கரையிலிருந்தே தெரியவில்லை, காற்றும் இல்லை, அலையும் அடங்கிக் கிடந்தது. மற்ற படகெல்லாம் ஜிபிஎஸ்ஸைப் பார்த்து ஒன்றன்பின் ஒன்றாகக் கரை சேர்ந்தன. ஒன்பது மணிக்கு சலேத் மாதா வலையை இழுத்து வாங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்ததாகவும், பின்னாலேயே வருவதாக நினைத்ததாகவும் கடைசிப் படகுக்காரர்கள் சொன்னார்கள்.

பல்பு ஒன்பதரைக்கு எரிந்தது. கரைக்கு வர ஒன்றரை மணி நேரம். பதினொன்றாகி, பன்னிரண்டரையாகி, பல்பு எரிந்துகொண்டே இருந்தது. நாலு வீட்டிலும் உலை கொதித்துச் சோறு வடித்தாகிவிட்டது. தேடிப் போகலாமா என்று கேட்டு வந்த ஆண்களிடம் கிளமென்சியா பல்பைக் காட்டி, ஓடிக்கிட்டுத்தான இருக்காங்க, மெதுவா வருவாங்க என்றாள். ஃபாதர் கடலோரக் காவலுக்குப் போன் போட்டார், பனி கலைந்ததும் புறப்படுகிறோம் என்றார்கள். அதையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் பல்பு எரிந்தது.

ரெக்ஸ்லின் பட்டறையில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். அவர்கள் கொண்டுபோனது இரண்டு கேன் பெட்ரோல். போக ஒன்றரை மணி நேரம். திரும்பக் கிளம்பி மூன்று மணி நேரம். மொத்தம் நாலரை. இரண்டு கேனுக்கு அந்த மோட்டார் ஆறு மணி நேரத்துக்கு மேல் ஓடாது, கார்புரேட்டரைச் சரி பண்ணியவள் அவள்தான். ஒன்றரை மணி நேர வழிதான், நேராக வந்திருந்தால் எப்போதோ வந்திருப்பார்கள். அப்படியானால் அவர்கள் கரைக்கு வரவில்லை. வெயிலும் இல்லாமல் கோபுரமும் இல்லாமல், எது தெற்கு எது மேற்கு என்று தெரியாமல், பனிக்குள் எங்கேயோ வட்டமடிக்கிறார்கள். பல்பு அவர்கள் ஓடுகிறார்கள் என்றுதான் சொல்லும், எங்கே ஓடுகிறார்கள் என்று சொல்லாது. அதை அவர்களுக்குச் சொல்லக்கூடிய பெட்டி, இந்தப் பல்பு எரிகிற காரணத்தால், அவர்கள் காலடியில் செத்துக் கிடந்தது.

அவள் எழுந்து வீட்டுக்குப் போய், சுரூபத்தைப் பார்க்காமல், ஆணியிலிருந்து வயரை எடுத்தாள். பல்பு அணைந்தது. பக்கத்துத் தெருவில் கிளமென்சியா வீட்டில் பல்பு திடீரென்று கூடுதலாக எரிகிறது என்று யாரோ சொல்வது கேட்டது. ஆக, ஒரு வீட்டில் எடுத்தால் போதாது. நாலையும் எடுக்க வேண்டும்.

கிளமென்சியா முதலில் அவளை வைதாள். ஆனாலும் அவள் படகுக்காரர் பெண்டாட்டி, பெட்ரோல் கணக்கு அவளுக்கும் தெரியும், இரண்டு முறை சொன்னதும் முகம் வெளுத்து வயரைக் கழற்றிக் கொடுத்தாள். பியூலா அழுதுகொண்டே கொடுத்தாள். மூன்று பேரும் வியாகுலம் வீட்டு வாசலுக்குப் போகும்போது, நாலு வீட்டுக் கரண்டும் அங்கே ஒன்றாய்ச் சேர்ந்து, அந்தச் சின்னப் பல்பு கல்யாண வீட்டு விளக்கு மாதிரி எரிந்து, பனியிலும் வாசல் வரைக்கும் வெளிச்சம் விழுந்து கிடந்தது. வியாகுலம் அதற்குக் கீழே காலை நீட்டி உட்கார்ந்து மகனுக்கு மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். ரெக்ஸ்லின் சொன்னதையெல்லாம் கடைசிவரை கேட்டாள். மீனைக் கழுவி வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள்.

"எம் மனுசன் போனப்ப ஒம்பது நாள் அந்தக் கரையில கெடந்தேன்," என்றாள். "இருக்காரா இல்லையான்னு சொல்ல ஒரு நாதியில்ல. இன்னைக்கு எம் மவன் இருக்கான்னு எனக்குத் தெரியுது. எரியுதத என் கையாலயே அணைக்கச் சொல்லுதியா?"

"இது இங்க எரியுததாலதான் மாமி அவங்க அங்க வழி தெரியாம நிக்காங்க," என்றாள் ரெக்ஸ்லின். "எனக்கு மொதல் வாரமே தெரியும். தெரிஞ்சும் சொல்லல. எனக்கும் இது வேண்டியிருந்துச்சு. இன்னும் ஒரு மணி நேரத்துல பெட்ரோலு தீந்துரும். அப்ப இது தானா அணைஞ்சிரும் மாமி."

வியாகுலம் அவளையே பார்த்தாள். கோபமாகப் பார்க்கிறாளா என்று ரெக்ஸ்லினுக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ள நேரமும் இல்லை. பிறகு அந்த அம்மாள் சுவரைப் பிடித்து எழுந்து, சுரூபத்துக்கு முன்னால் நின்று, வாய்க்குள் எதையோ சொன்னாள். நான் எடுக்கட்டுமா என்று பியூலா கேட்டதற்கு வேண்டாம் என்று கை காட்டினாள். ஆணியிலிருந்து வயரைத் தானே எடுத்தாள். வீடு முழுக்க இருந்த வெளிச்சம் போய், பகல் ஒரு மணிக்கு வீடு மங்கலாகிவிட்டது.

நாலு பேரும் ஆளுக்கொரு துண்டு வயரைக் கையில் வைத்துக்கொண்டு கரைக்கு வந்தார்கள். இரண்டு மாதமாகக் கரைக்கு வராதவர்களைப் பார்த்ததும் ஊருக்கு விசயம் புரிந்து, ஆட்கள் ஒவ்வொருவராக வந்து கூடினார்கள். ஃபாதர் கோயில் மணியை நிறுத்தாமல் அடிக்கச் சொல்லிவிட்டு வந்து, மணலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். யாருக்கும் இப்போது ஒன்றும் தெரியாது. மோட்டார் ஓடுகிறதா, நின்றுவிட்டதா, ஆள் இருக்கிறதா, இல்லையா, எதையும் சொல்ல ஆளில்லை. ஒன்றேகால் ஆனது. ஒன்றரை ஆனது. ரெக்ஸ்லின் தப்புக் கணக்குப் போட்டுவிட்டோமோ என்று நினைத்தாள், இந்த அரை மணி நேரமாவது இவர்கள் வெளிச்சத்தில் இருந்திருப்பார்களே, அதையும் பிடுங்கிவிட்டோமே என்று நினைத்தாள், பாவி, பாவி என்று தன்னைத்தானே வைதுகொண்டாள். ஒன்றே முக்காலும் ஆனது. பெட்ரோல் தீருகிற நேரம். வியாகுலத்தின் கை வந்து அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டது.

ஒன்று ஐம்பதுக்குச் சத்தம் கேட்டது. முதலில் அது சத்தமா என்றே தெரியவில்லை. பிறகு ரெக்ஸ்லினுக்குத் தெரிந்தது, அந்த மோட்டாரின் இரண்டாவது பிளக் கொஞ்சம் தட்டும், அந்தத் தட்டல் அவளுக்குத் தெரியும். நம்ம மோட்டாரு என்றாள். பனிக்குள்ளிருந்து படகின் மூக்கு வந்தது, பிறகு படகு வந்தது, உள்ளே நாலு தலை இருந்தது. கரைக்கு இருபது பாகம், நூற்றிருபது அடி, இருக்கும்போது மோட்டார் இரண்டு முறை இருமி நின்றுவிட்டது. மீதித் தூரத்தை அலையே கொண்டுவந்து போட்டது.

அப்புறம் அந்தக் கரையில் நடந்ததைச் சொல்லி முடியாது. கஸ்பார் இறங்கி நேராகப் போய் மணலில் உட்கார்ந்துவிட்டார். பியூலா லியோனை அடித்தாள், அடித்துக்கொண்டே சிரித்தாள். கிளமென்சியா வடித்து வைத்த சோறு ஆறிப்போயிருக்கும் என்று கவலைப்பட ஆரம்பித்தாள். ஃபாதருக்குச் செருப்பை எங்கே போட்டோம் என்று தெரியவில்லை. ததேயூஸ், ரெக்ஸ்லினைப் பார்த்ததும் முதலில் சொன்னது ஜிபிஎஸ்ஸைப் பற்றித்தான். ஒரு மணி இருக்கும், காலடியில் பெட்டி தானாகக் கண்ணைத் திறந்தது, பார்த்தால் நாங்கள் ஊரைத் தாண்டித் தெற்கே எட்டு மைல் போய்க்கொண்டிருக்கிறோம், உடனே திருப்பினோம், பாதி வழியில் வயர்லெஸ்ஸும் பேச ஆரம்பித்துவிட்டது, நீ என்ன பண்ணின என்று கேட்டான். அவள் கையிலிருந்த வயர்த் துண்டைக் காட்டினாள். அவன் அதைப் பார்த்து, ஓ என்றான்.

"ரொம்பப் பயந்துட்டேன்," என்றாள் அவள்.

"நாங்களும்தான்," என்றான் அவன். அவள் நெஞ்சில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்த கல் இறங்கிவிட்டது. இறங்கிய பிறகுதான் அது இரண்டு மாதமாகவே அங்கே இருந்தது என்று அவளுக்குத் தெரிந்தது.

மாலையில் பட்டறையில் மோட்டாரை ஸ்டாண்டில் மாட்டி, டிரம்மில் தண்ணீர் நிரப்பி ஓட்டி, பாட்டரியில் மீட்டரை வைத்தாள். பதினாலு புள்ளி இரண்டு காட்டியது. ஊரே சுற்றி நின்று அந்த எண்ணைப் பார்த்தது, பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டது. நாலு துண்டு வயரையும் அவள் ஒன்றாகச் சேர்த்துச் சால்டர் வைத்து, மூன்று முடிச்சோடு ஒரே வயராக்கி, அதைப் புது எர்த் வயருக்குத் துணையாக மோட்டாரிலேயே போட்டு இறுக்கினாள். இருக்க வேண்டிய இடம் அதுதான்.

ஆனால் படகு கெட்ட கடலிலிருந்து தப்பி வந்திருக்கிறது, வழக்கம் என்று ஒன்று இருக்கிறதே, இந்தத் தடவைக்கான துண்டு எங்கே என்று வியாகுலம் அன்றே வந்து கேட்டுவிட்டாள். ரெக்ஸ்லின் மோட்டாரின் பழைய இழுப்புக் கயிற்றை எடுத்தாள். வெட்டுவதற்கு முன்னால் அதன் இரண்டு நுனியிலும் மீட்டரின் இரண்டு முனையையும் வைத்து, ஒன்றும் பாயவில்லை என்று ஒரு முறைக்கு மூன்று முறை பார்த்துக்கொண்டாள். நைலான் கயிறு, எதுவும் போகாது மாமி, பயப்படாம மாட்டுங்க என்று சொல்லி நாலாக வெட்டிக் கொடுத்தாள்.

மறுநாள் யாரும் கடலுக்குப் போகவில்லை. அதற்கடுத்த நாள் போனார்கள். நாலு வீட்டிலும் பல்பு அணைந்தே இருந்தது. ரெக்ஸ்லின் தோசை வார்க்கும்போது நாலைந்து முறை தலையைத் திருப்பிப் பீடத்தைப் பார்த்தாள், பழக்கம் அப்படி. ஒன்பது மணிக்கு அடுப்பை அணைத்துவிட்டுக் கரைக்குப் போனாள். கிளமென்சியாவும் பியூலாவும் முன்பே வந்து நின்றார்கள். வியாகுலம் ஒரு தூக்குவாளியில் நாலு பேருக்கும் காப்பி கொண்டுவந்திருந்தாள். எரியுதா என்று பழக்க தோசத்தில் கேட்க வந்த ஏலக்காரர், நாக்கைக் கடித்துக்கொண்டு அவர்களோடு நின்றார். யாருக்கும் எதுவும் தெரியவில்லை, காப்பி மட்டும் சூடாக இருந்தது.

பதினொன்றே கால் மணிக்குக் கிழக்கே புள்ளி புள்ளியாகப் படகுகள் வர ஆரம்பித்தன. பனியில்லாத நல்ல வெயில், எல்லாப் படகும் ஒரே மாதிரி தெரிந்தன. கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்த ரெக்ஸ்லினுக்கு எதுவும் பிடிபடவில்லை. எல்லாருக்கும் முன்னால் வியாகுலம்தான் கண்டாள்.

"அந்தா," என்றாள். "எரியுது."

நட்ட நடுப்பகலில், நல்ல வெயிலில், ஒரு படகின் கம்பத்தில் மட்டும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு வருகிறானே, பாட்டரி வீணாகுமே என்று ரெக்ஸ்லினுக்குள் இருந்த மெக்கானிக் ஒரு நொடி சடைத்துக்கொண்டாள். பிறகு, மோட்டார் ஓடுகிறது, போகிறதை எல்லாம் அது திருப்பிக் கொடுத்துவிடும் என்று நினைத்து, எரியட்டும் என்று விட்டுவிட்டாள்.